புலவு நாறுதும்: பழைய பாட்டை இன்றைக்கு வைத்துப் படிப்பது எப்படி?

தகரப்பெட்டியில் கிடந்த ஆதாரத்தை, அதாவது விளை என்கிற தோட்ட நிலத்தின் பத்திரத்தை, படித்துவிட்டு, "எங்க குடும்பத்துக்குத் தொள்ளாயிரம் வருஷமா இந்த விளை இருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். பத்திரத்தின் தலையில் ஆண்டு 1105 என்று போட்டிருந்தது. அவர் அதை ஆங்கில ஆண்டாக எடுத்துக்கொண்டார். அது கொல்லம் ஆண்டு. 825ஐக் கூட்டினால் 1930 வரும், மாதத்தைப் பொறுத்து 1929. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். அதற்கு முந்திய பத்திரங்களில் பலவும் திருவிதாங்கூர் வழக்கப்படி கொல்லம் ஆண்டில், மலையாளத்தில் எழுதப்பட்டவை.

அந்தப் பத்திரத்தை அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். மலையாளம் தெரிந்த ஒரு பெரியவரை வைத்துப் படித்தார்கள். "கிழக்கு எல்லை புன்னை மரம்" என்று இருந்தது. நூலும் டேப்பும் எடுத்துக்கொண்டு விளைக்குப் போனார்கள். புன்னை மரத்தைக் காணவில்லை, அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் மதில் நின்றது. எழுதிய காலத்துக் கணக்கில் ஒரு தடவை, இன்றைய நிலத்தில் ஒரு தடவை என்று இரண்டு தடவை படித்த பிறகுதான் அந்தக் காகிதம் எதற்காவது உதவியது.

பழைய கவிதையை இன்றைய சமூகப் பிரச்சினைகளோடு வைத்துப் படிப்பதும் இப்படித்தான். இதற்கு மறுவாசிப்பு என்று பெயர். ஏற்கெனவே ஒரு பொருள் சொல்லப்பட்ட பழைய நூலை, நம் காலத்துக் கேள்விகளோடு திரும்பவும் படிப்பது. மேடையிலும் வாட்சாப்பிலும் இந்தச் சொல் நன்றாக அடிபடுகிறது. ஆனால் புன்னை மரத்தைத் தேடி யாரும் விளைக்குப் போவதில்லை.

## குழப்பம் எங்கே?

ஒரு கூட்டம், "எல்லாம் அப்பவே நம்மாட்கள் சொல்லிட்டாங்க" என்கிறது. சாதி ஒழிப்பு, பெண் விடுதலை, சுற்றுச்சூழல் என எதைக் கேட்டாலும் சங்கப் பாட்டிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கிக் காட்டும். 1105ஐப் பார்த்துத் தொள்ளாயிரம் வருஷம் என்றவர் இந்தக் கூட்டம். இன்னொரு கூட்டம், "மன்னனையும் கற்பையும் பாடின பழைய குப்பை, அதில் நமக்கு என்ன இருக்கு" என்று பெட்டியையே தூக்கி வீசச் சொல்கிறது.

ஒரு காலத்தின் எண்ணத்தை இன்னொரு காலத்தின் தலையில் கட்டுவதை கால வழு என்போம். சங்கப் புலவர் வாயில் இன்றைய முழக்கத்தைத் திணிப்பது அப்படிப்பட்டது. நம் சட்டங்களைத் தெரிந்திராதவரை அந்தச் சட்டப்படி குற்றவாளி ஆக்குவதும் அதே வழுதான். இரண்டு கூட்டமும் பாட்டை முழுசாகப் படிக்கவில்லை என்பது என் சந்தேகம்.

## படிப்பதற்கு முன் மூன்று சொற்கள்

சங்கப் பாட்டுகளைக் கையில் எடுப்பவருக்கு மூன்று சொற்கள் போதும்.

திணை: பாட்டு நடக்கிற நிலமும் அந்த நிலத்துக்கு உரிய வாழ்க்கையும். மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல். வறண்ட நிலமான பாலையும் உண்டு. பாலையை விட்டுவிட்டால் மற்ற நான்கையும் பேச்சிப்பாறை மலையிலிருந்து குளச்சல் கடற்கரைக்குப் போகும் பயணத்திலேயே பார்த்துவிடலாம். புறப்பாட்டுகளின் திணை நிலத்தை வைத்துப் போகாது, போர், கொடை, துக்கம் என்று போகும்.

கூற்று: யார் பேசுகிறார் என்பது. தலைவியா, தோழியா, தாயா? அகப்பாட்டில், அதாவது காதலைப் பாடும் பாட்டில், புலவர் தன் சொந்தக் குரலில் பேசமாட்டார். நாடகத்தில் வில்லன் பேசிய வசனத்தை எழுதியவரின் கொள்கை என்று நாம் எடுத்துக்கொள்வதில்லையே, அதே கணக்குதான்.

துறை: எந்தச் சந்தர்ப்பத்தில் அந்தப் பேச்சு வருகிறது என்பது. பாட்டுக்குக் கீழே சின்னதாகப் போட்டிருப்பார்கள். அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போகிற வரி அதுதான். ஆதாரத்தில் ஆண்டு போட்டிருக்கிற இடம் மாதிரி.

இதுவரை பார்த்தது: பாட்டை முதலில் அதன் காலத்தில் படிக்க வேண்டும், அதற்குத் திணையும் கூற்றும் துறையும் உதவும். அப்புறம்தான் நம் காலத்துக்குக் கொண்டுவர வேண்டும். இனி ஒரு பாட்டில் செய்து பார்க்கலாம்.

## ஒரு மீன் நாற்றம், இரண்டு காலம்

நற்றிணையின் 45ஆம் பாட்டு. நெய்தல் திணை. ஒரு பணக்கார வீட்டுப் பையன் கடற்கரைப் பெண் ஒருத்தியைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அவளுடைய தோழி அவனிடம் பேசுகிறாள்:

*இவளே, கானல் நண்ணிய காமர் சிறுகுடி*
*நீல்நிறப் பெருங்கடல் கலங்க உள்புக்கு*
*மீன்எறி பரதவர் மகளே, நீயே,*
*நெடுங்கொடி நுடங்கும் நியம மூதூர்க்*
*கடுந்தேர்ச் செல்வன் காதல் மகனே;*
*நிணச்சுறா அறுத்த உணக்கல் வேண்டி*
*இனப்புள் ஓப்பும் எமக்குநலன் எவனோ?*
*புலவு நாறுதும், செலநின் றீமோ!*
*பெருநீர் விளையுள்எம் சிறுநல் வாழ்க்கை*
*நும்மொடு புரைவதோ அன்றே;*
*எம்ம னோரில் செம்மலும் உடைத்தே!*

எளிய தமிழில்: இவள் கடற்கரைச் சோலை ஓரத்துச் சிறுகுடியில், கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிக்கிறவர்களின் மகள். நீ கொடி பறக்கும் கடைத்தெருக்கள் நிறைந்த பழைய ஊரில், வேகமான தேர் வைத்திருக்கும் பணக்காரனின் செல்ல மகன். கொழுத்த சுறாவை அறுத்துக் காயப்போட்டு, பறவை கொத்தாமல் விரட்டிக்கொண்டிருக்கிற எங்களுக்கு அழகு எதற்கு? எங்கள் மேல் மீன் நாறும், தள்ளி நில். கடல் விளைவிக்கிற எங்கள் சின்ன, நல்ல வாழ்க்கை உங்களோடது மாதிரி இல்லை. எங்கள் ஆட்களிலும் உயர்ந்தவர்கள் உண்டு.

இதை எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் படித்தபோது, தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், "உணக்கல்" என்ற சொல்லில் நிறுத்தச் சொன்னார். "கருவாடு உணக்கதுன்னுதான் நாங்க இப்பவும் சொல்லுவோம், இதுக்கு எதுக்கு உரை?" என்று கேட்டார். தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர்போனவர்கள். நாங்கள் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்த வரி அவருக்கு முற்றத்து வேலை.

சரி, இதை இன்றைக்குக் கொண்டுவருவோம். 2021 டிசம்பரில், குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிய மூதாட்டி ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்டுக் கதறிய காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஓட்டுநர், நடத்துநர், நேரக்காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த எத்தனையோ தமிழாசிரியர்களுக்கு "புலவு நாறுதும்" நினைவுக்கு வந்திருக்கும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். "பார்த்தீர்களா, சங்க காலத்திலேயே மீனவப் பெண் சமத்துவத்துக்காகக் குரல் கொடுத்தாள்" என்று சொல்லி முடித்தால் அது 1105 கணக்கு. துறையைப் பாருங்கள். தலைவன் கேட்டதைத் தோழி மறுத்து அவனைத் தள்ளி நிறுத்துவது. இதைச் சேட்படுத்தல் என்பார்கள். அக மரபில் இது ஒரு உத்தி. அவனை அலையவிட்டால்தான் அவன் நோக்கம் விளையாட்டா, கல்யாணமா என்பது தெரியும். ஆக, தோழி பேசுவது பொதுமேடைப் பேச்சு அல்ல, ஒரு பையனைச் சோதிக்கிற பேச்சு.

அப்படியென்றால் அந்தச் சமூகக் கோபம் நாமே கற்பித்துக்கொண்டதா? அதுவும் இல்லை. அவனைத் தள்ளி நிறுத்த ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம். ஊர் அலர் பேசும், அம்மா காவல் இருக்கிறாள் என்று மற்றப் பாட்டுகளில் வரும். இந்தத் தோழி அதையெல்லாம் விட்டுவிட்டுத் தேரையும் மீன் நாற்றத்தையும் எடுக்கிறாள். அந்தக் காரணம் எடுபடும் என்றால், கடைத்தெரு ஊருக்கும் மீன்பிடிக் குடிக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது, அது இரண்டு பேருக்கும் தெரியும் என்றுதான் பொருள். புலவர் சொல்ல உத்தேசித்தது ஒன்று, அவர் சொல்லாமலே பாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் சமூகம் இன்னொன்று. மறுவாசிப்பு தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

வேறுபாட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டில் "நாறுதும்" என்று சொல்கிறவள் கடற்கரைக்காரி. தன்மைச் சொல் அது, "நாறுகிறோம்" என்று அவளே சொல்கிறாள். சொல்லிவிட்டு "தள்ளி நில்" என்று விலக்குகிறவளும் அவளே. பேருந்தில் சொன்னவர் வேறு, விலக்கப்பட்டவர் வேறு. அதே நாற்றம், அதே விலக்கல், ஆனால் வாய் மாறிவிட்டது. எனக்கு இந்த மாற்றம்தான் பாட்டைவிட அதிகம் யோசிக்க வைத்தது. பேருந்துக்காக நிற்கிற பெண்ணால் யாரையும் "செல நின்றீமோ" என்று சொல்ல முடியாது. மீன் விற்றுவிட்டு வீடு போக அவளுக்குப் பேருந்து வேண்டும்.

"பெருநீர் விளையுள்" என்ற தொடரும் 2017 நவம்பர் 30க்குப் பிறகு, அதாவது ஒக்கிப் புயலுக்குப் பிறகு, நம் கடப்புறத்தில் முன்போல் ஒலிக்காது. கடல் விளைவிக்கும், திருப்பி எடுத்துக்கொள்ளவும் செய்யும். ஆனால் அது பாட்டில் இல்லை. அது நம் மனதில் இருப்பது. பாட்டில் இருப்பது எது, நம்மில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் நம் காலத்தைச் சேர்த்துப் படிப்பதில் ஒரு தப்பும் கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. "பரதவர்" என்ற சொல்லை இன்றைக்குள்ள ஏதோ ஒரு சாதியின் பெயராக நேரடியாக வைத்துவிடக் கூடாது. ரெண்டாயிரம் வருஷத்தில் குடிகள் கலந்தும் பிரிந்தும் வந்திருக்கின்றன. சங்கப் பாட்டில் வரும் பெயர்களுக்கு இன்றைக்குப் பட்டா கேட்கிற சண்டை நம்மிடம் ஏராளம், அதில் இதையும் சேர்க்க வேண்டாம்.

சுருக்கமாக: முதலில் சொல்லுக்குப் பொருள், பிறகு யார் எப்போது பேசுகிறார் என்பது, பிறகு அந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கும் சமூகம், கடைசியாக நம் காலத்தோடு ஒப்பீடு. ஒப்பீட்டில் ஒற்றுமையைவிட வேறுபாடுதான் அதிகம் பேசும்.

## பிடிக்காத பாட்டை என்ன செய்வது?

பூதப்பாண்டி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை வரும். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் என்ற சங்க கால மன்னனின் பெயரும் இந்த ஊர்ப் பெயரும் ஒன்று என்பதால். அவன் பாடிய பாட்டு புறநானூற்றில் 71ஆவது. பகைவரை வெல்லாவிட்டால் என் மனைவியைப் பிரிவேனாக என்று வஞ்சினம் கூறுகிறான். அந்த மனைவி பெருங்கோப்பெண்டு. அவள் பாடியது 246ஆவது பாட்டு. கணவன் செத்துப்போனான். அவள் தீயில் விழப் போகிறாள்.

இதைக் கற்பின் சிகரம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அதைக் கேட்டு எரிச்சலாகிப் புறநானூற்றையே மூடிவைத்த தோழி ஒருத்தி எனக்கு உண்டு. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நடுவில் இருக்கிற சாப்பாட்டைப் படியுங்கள்.

தீயில் விழாதே என்று தடுக்கும் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, "பொல்லாச் சூழ்ச்சிப் பல்சான்றீரே" என்று தொடக்கத்திலேயே கூப்பிடுகிறாள். பிறகு, உயிரோடு இருந்தால் கைம்பெண்ணாகத் தனக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறாள். வெள்ளரி விதை போன்ற வெள்ளை நெய் படாத, நீரிலிருந்து கையால் பிழிந்தெடுத்த சோற்று உருண்டை. வெள்ளை எள் துவையலும் புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரையும் அதற்குத் தொடுகறி. படுக்க, பாய்கூட இல்லாமல் பருக்கைக்கல் பரப்பிய தரை. அப்படி வாழும் பெண் நான் இல்லை, எனக்குத் தாமரைக் குளமும் தீயும் ஒன்றுதான் என்கிறாள்.

இதைத் தீயைப் புகழும் பாட்டாக மட்டும் படித்தால் பாதிதான் படித்தோம். ஒரு காலத்தில் கைம்பெண்ணுக்கு என்ன சோறு போட்டார்கள், எதில் படுக்கவைத்தார்கள் என்பதற்கு ஒரு பெண்ணின் வாயாலேயே கிடைத்த சாட்சி இது. பெரியவர்கள் தடுக்கிறார்கள் என்பதால், தீயில் விழுவது எல்லாரும் ஒப்புக்கொண்ட கட்டாயமாக இருக்கவில்லை என்பதும் தெரிகிறது. "சாகாதே" என்கிற பெரியவர்கள் அந்தக் கல்தரையை மாற்றித் தருவதாகச் சொன்னதாய்ப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. அவர்களைப் பொல்லாச் சூழ்ச்சிக்காரர்கள் என்று ஏன் திட்டுகிறாள் என்பது அப்போது புரியும்.

இன்றைக்குத் தீ இல்லை. பருக்கைக்கல்லும் இல்லை. ஆனால் நம் கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்கிற நேரத்தில் யார் தானாகவே அடுக்களைப் பக்கம் ஒதுங்குகிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

பிடிக்காத பாட்டைக் கழுவிச் சுத்தமாக்குவதும் ஒரு பழக்கம். "தெய்வம் தொழாஅள்" என்று தொடங்கும் குறளில் "பெய்யெனப் பெய்யும் மழை" என்பதை, "பெய் என்று வேண்டும்போது பெய்கிற மழை போன்றவள்" என்று விளக்கி வள்ளுவரைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். எனக்கு அது வளைப்பதாகவே படுகிறது. கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிறவருக்கு நம் வக்காலத்து தேவையில்லை. கணவனைத் தொழச் சொல்கிற அந்தக் குறளை அப்படியே வைத்துக்கொண்டு, அதோடு உடன்படவில்லை என்று சொல்லலாம். அதுவும் மறுவாசிப்புதான்.

## ஒரே வரியைப் பிடுங்கினால்

"யாதும் ஊரே யாவரும் கேளிர்" தெரியாத ஆள் கிடையாது. வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார். தப்பில்லை. ஆனால் கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புறப்பாட்டு (192) அங்கே முடியவில்லை. ஆற்றுவெள்ளத்தில் போகும் தெப்பம் மாதிரி உயிர் முறைவழிப் போகும் என்கிறார். ஊழை அப்படியே ஏற்றுக்கொள் என்கிறாரா? ஏழையிடம் இதைச் சொன்னால் அது ஆறுதலா, அமுக்குவதா? நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. பாட்டு முடிகிற இடம் வேறு: பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை. பேருந்தில் நடந்ததற்கு முதல் வரியைவிடக் கடைசி வரிதான் பொருந்தும். பேச்சுப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

## புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை

இது ஏதோ நேற்று வந்த மேல்நாட்டுச் சரக்கு என்று முகம் சுளிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா கூடாதா என்று அண்ணா ஒரு பக்கமும் ரா. பி. சேதுப்பிள்ளை, சோமசுந்தர பாரதியார் போன்ற தமிழறிஞர்கள் மறுபக்கமும் நின்று மேடையில் வாதாடினார்கள். நம் பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ஜீவா, பொதுவுடைமைக் கட்சிக்காரராக இருந்துகொண்டே கம்பனை மேடை மேடையாகப் பேசினார். ஒரே நூல், அதே காலம். ஒருவர் கையில் தீக்குச்சி, மற்றவர் கையில் விளக்கு. இரண்டு பேரும் தம் காலத்துக் கேள்வியோடுதான் கம்பனிடம் போனார்கள்.

## எங்கிருந்து தொடங்கலாம்?

உரையோடு உள்ள பதிப்பாக எடுங்கள். புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் அச்சில் கொண்டுவந்தார், முதல் 266 பாட்டுகளுக்குப் பழைய உரையே உண்டு. நற்றிணைக்குப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரை எழுதி 1915இல் வெளிவந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாகவே கிடைக்கும். ஒரே நாளில் பத்துப் பாட்டு வேண்டாம், ஒன்று போதும்.

குமரிக்காரர்களுக்கு நான் சொல்வது புறநானூறு 137. நாஞ்சில் தலைவனான வள்ளுவனைப் (குறள் எழுதிய வள்ளுவர் இல்லை) புகழ்ந்து பாடியது. "கயத்திட்ட வித்து வறத்திற் சாவாது" என்று வரும். குளத்தில் இட்ட விதை வறட்சியிலும் சாகாது, கரும்பு மாதிரித் தழைக்கும். கோடை காய்ந்தாலும் கண் போலப் பூப்பூக்கும். பொன் போன்ற வேங்கைப் பூவைச் சுமந்துகொண்டு மணி நிறத் தண்ணீர் கடலுக்குப் போகும். இது பாடாண் திணை, அதாவது தலைவனைப் புகழும் பாட்டு, அதனால் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் இங்கே வறட்சியே வந்ததில்லை என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டாதீர்கள். ஆனால் ஒரு தலைவனைப் புகழ வேண்டும் என்றதும் புலவர் எடுத்தது அவன் ஊர்க் குளத்தை என்பதைக் கவனியுங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைந்த வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருக்கிற நாஞ்சில் நாட்டில் அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் இந்தப் பாட்டை ஏதாவது குளத்தங்கரையில் உட்கார்ந்து படிக்கலாம் என்று பேசினோம். ஒருவர் தன் சின்ன வயதில் நீந்திய குளத்தைச் சொன்னார், அங்கே இப்போது கட்டடம். இன்னொருவர் சொன்ன குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது, உட்காரப் படித்துறை இல்லை. கடைசியில் தேரூர்க் குளத்துக்குப் போவது என்று முடிவானது. கூடவே ஒரு வேலையும் வைத்துக்கொண்டோம். போகிற வழியில் பெயரில் மட்டும் குளம் இருக்கிற ஊர்களையும் தெருக்களையும் ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.